அக்காவின் ரத்தத்துக்கு இரண்டு கணக்கு

1

போன வியாழக்கிழமையோடு நான் ஸ்காட்லாந்தில் இருக்கும் அபர்டீனுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக் கேக், நடுவே மஞ்சள் கிரீமில் ஒரு சூரியன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை, என் பங்கு வைட்டமின் டி. ஜனவரியில் இந்த ஊர்ச் சூரியன் காலை ஒன்பது மணி சுமாருக்கு எழுந்து மாலை நான்கு மணி சுமாருக்குப் படுத்துவிடும். அதனால் ஊரில் பாதிப்பேருடைய ரத்தம் ஒருமுறையாவது என் மேஜைக்கு வந்துவிட்டுப் போகிறது. திருவனந்தபுரத்திலிருந்து வந்தவளுக்கு வெயிலை அளக்கிற உத்தியோகம் என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, சூரியனை அப்படியே விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். ஊரிலிருந்து திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருக்கும் திருவனந்தபுரத்துக் கரமனை உறவுக்காரர்கள் இரண்டு தடவை படிக்கவும்.

2

மங்களம் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்திம்பேர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. கரமனையில் எங்கள் வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கரமனைப் பையன்கள் பலபேர் அவளிடம் பூஜ்யம் வாங்கியிருக்கிறார்கள், காரணத்தோடு. விடை சரியாக இருந்து வழி எழுதாமல் விட்டாலும் மார்க் கிடையாது. 'எப்படி வந்துதுன்னு காட்டு' என்பது அவளுடைய பேர்போன வாக்கியம்.

போன வருஷம் மாசி மாதம் அவளுக்கு முழங்காலிலும் இடுப்பிலும் வலி. டாக்டர் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். ரிசல்ட்டைப் போனில் படித்தாள், 'பதினொண்ணு'. நான் பதறிப்போனேன். பிறகுதான் அந்த ஊர் அளவு வேறு, எங்கள் அளவு வேறு என்பது நினைவுக்கு வந்தது. அவளுடைய பதினொன்று எங்கள் கணக்கில் இருபத்தேழரை. இரண்டுமே குறைவுதான், ஆனால் பதறுகிற குறைவு இல்லை. இத்தனை வருஷத்தில் பணம், தூரம், சூடு எல்லாவற்றையும் இரண்டு அளவில் நினைக்கப் பழகியாயிற்று. ரத்தத்துக்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறது.

டாக்டர் வாரம் ஒன்றாகச் சாப்பிட டி3 எழுதிக்கொடுத்தார். அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அது எதிலிருந்து செய்வது என்று அக்கா என்னைக் கேட்டாள். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிற நல்ல குணம் எனக்குக் கிடையாது. பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்து எடுப்பார்கள், ஆட்டைக் கொல்வதில்லை, வெறும் ரோமம்தான் என்று விளக்கமாகச் சொன்னேன்.

"கம்பிளி போத்திக்கறதுக்காக்கும், முழுங்கறதுக்கில்லை" என்றாள் அக்கா.

வெங்காயம் கூடச் சேராத சமையலறை அது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. டி2 என்று இன்னொன்று இருக்கிறது, அதில் ஆட்டுக்கு வேலையில்லை என்றேன். காளானிலும் அது உண்டு என்பதை இந்த முறை புத்தியாக மறைத்தேன். ஈஸ்ட்டிலிருந்து செய்வது என்று மட்டும் சொன்னேன். இட்லி மாவு பொங்குகிற மாதிரியா என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அவள் டாக்டரும் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டால் சரி என்று சொல்லிவிட்டார். உறையில் ஜெலட்டின் இல்லாத டி2 மாத்திரையாகத் தேடிப் பிடித்து, ஊருக்குப் போகிற சிநேகிதியிடம் கொடுத்தனுப்பினேன். வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு தோறும்.

அக்காவுக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி எனக்கு. தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் திருப்தி அடிக்கடி தேவைப்படும்.

3

மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு.

அந்த மாத்திரைக்கு அது முப்பதையாவது தாண்டியிருக்க வேண்டும். டாக்டர் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாராம். அக்கா ஆமாம் என்றாளாம். போனில் நானும் கேட்டேன். ஆமாம் என்றாள். எல்லா ஞாயிறுமா என்று மறுபடி கேட்டேன். சாப்பிட்டுவிட்டுக் காலண்டரில் குறித்துவைக்கிறேன் என்றாள். ஏகாதசி, விரதம் என்று ஏதாவது நாள் விட்டுப் போயிருக்குமே என்று மூன்றாவது தடவை கேட்டேன்.  கேட்டதோடு நிற்காமல் இதையும் சொன்னேன்.

"நம்பர் பொய் சொல்லாது அக்கா."

 "சரி" என்றாள். அவளுடைய 'சரி'யில் பலவகை உண்டு. மாணவன் தப்பாகப் போட்டுவிட்டு அதுதான் சரி என்று சாதிக்கும்போது சொல்கிற 'சரி' அது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் மகள் அனு அன்றைக்கு வீட்டில் இருந்தாள். அவள் கிளாஸ்கோவில் படிக்கிறாள், எப்போதாவது சனி ஞாயிறு வருவாள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். போனை வைத்ததும், பெரியம்மா பொய் சொல்வாளா என்று கேட்டாள். பொய் இல்லை, மறதி, வயசானவர்கள் எல்லாரும் மாத்திரையை மறப்பார்கள், தினம் பார்க்கிறேனே என்றேன். அனு தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிற பெண் அவள். நான் கேட்டுக் கேட்டுப் பழக்கியது. இப்போது போட்டோ மட்டும்தான் வருகிறது, பேச்சு வருவதில்லை.

டாக்டர் வாரத்துக்கு இரண்டு என்றார். நானும் அதுதான் சரி என்றேன். மறுபடி மாத்திரை அனுப்பினேன். இன்னும் மூன்று மாதம். இந்தத் தடவை ஒன்பது. ஏறவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, இறங்கியிருந்தது. நான் போனில் கொஞ்சம் கத்தினேன். கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியாதா என்றுகூடக் கேட்டேன். டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கினார்.

கார்த்திகையில் அவள் க்ஷீணமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சோர்வை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வாய்க்கு ருசி இல்லை, தாகமாகவே இருக்கிறது, வயிறு கட்டிக்கொண்டு கஷ்டப்படுத்துகிறது என்றாள். டி குறைந்தால் சோர்வு வரும், மாத்திரையை விடாமல் சாப்பிடு என்றேன். நான் பேசியதை எல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

4

டிசம்பர் நடுவில் மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

விமான நிலையத்திலிருந்து கரமனை போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அக்கா வாசலில் நின்றிருந்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது. கையில் தண்ணீர்ச் செம்பு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேசுவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மத்தியானம் எனக்குப் பரிமாறும்போது நான் மதி, மதி என்று கையை மறித்தேன். மதி என்றால் போதும். அது மலையாளம் என்பதே எங்கள் தெருக்காரர்களுக்கு வெளியூர் போன பிறகுதான் தெரியும். அவள் தனக்கு இரண்டு கவளம் மோர்சாதம் மட்டும் போட்டுக்கொண்டாள். அதிலும் ஒன்றைத் தள்ளிவைத்தாள்.

சாப்பாடு ஆனதும் மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவள் உள்ளே போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

காலண்டரில் பங்குனியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறுக்கும் மூலையில் சின்னதாகப் பிள்ளையார் சுழி. பிறகு ஞாயிறும் புதனும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வெள்ளிக்கிழமைகளில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததற்கு வேறு குறி, அது தனி. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. டப்பாவைத் திறந்தேன். காலி மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு மாதத்து அட்டைகளையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனித்தனியாகக் கட்டி, மேலே துண்டுச் சீட்டில் மாதத்தின் பேர் எழுதியிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா வெச்சிருக்கே?" என்றேன்.

"நீ வந்தா கேப்பேன்னு வெச்சிருந்தேனாக்கும். எப்படி வந்துதுன்னு காட்டணும் இல்லையா."

எனக்கு அவமானமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் வழி எழுதிக் காட்டச் சொன்னவள், தங்கைக்காகக் காலி அட்டையைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. இத்தனையும் சாப்பிட்டிருந்தால் ரத்தத்தில் ஒன்பது எப்படி வரும்? ரிப்போர்ட்டைக் கேட்டேன். இதுவரை நான் பார்த்ததெல்லாம் அவள் போனில் எடுத்து அனுப்பிய படம்தான். அதில் நம்பர் இருந்தது, காகிதத்தின் அடி வெட்டுப்பட்டிருந்தது. முழுசாக அனுப்பு என்று நான் கேட்கவில்லை. இப்போது காகிதம் கையில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் பரிசோதனையின் பேர். அதில் டி3 என்று இருந்தது. டி2 என்று எங்கும் இல்லை.

5

இதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோயிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உள்ளே போகாமல் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணலாம். சீக்கிரம் முடியும், செலவும் இல்லை, பல நாள் சரியாகவே வரும். ஆனால் எங்கள் அக்கிரகாரத்து ஆட்கள் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு போகிறவர்கள். அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கோயில் நிறைந்து வழிந்தாலும் செருப்பு ஒன்பதுதான். அந்த லேபில் செய்தது இந்த வகைச் சோதனை. அதில் இருக்கும் மருந்துக்கு டி3-யின் உருவம்தான் தெரியும், அதைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். டி2 பக்கத்திலேயே நின்றாலும் விட்டுவிடும். போதாக்குறைக்கு டி2 அதிகமாக உள்ளே போகப் போக உடம்பில் இருக்கிற டி3 கொஞ்சம் குறையும். நம்பர் இறங்கியதன் காரணம் அதுதான். எல்லாக் கருவியும் இப்படி இல்லை, சில இரண்டையும் பார்க்கும், சில அரைகுறையாகப் பார்க்கும்.

இன்னொரு முறை, வாசலில் தராசு வைத்து ஒவ்வொருவரையும் நிறுத்து உள்ளே விடுவது. டி2-வுக்கு டி3-யைவிட எடை கொஞ்சம் கூடுதல். அதனால் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சொல்லிவிடும். கருவி பெரிது, விலை அதிகம், நேரமும் ஆகும்.

நான் அபர்டீனில் செய்கிற வேலையே இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான். ஒரே ரத்தத்தை இரண்டு முறையிலும் அளந்து, காகிதத்தில் புள்ளி வைத்து, கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளிகள் யாருடையவை என்று தேடுவேன். டி2 சாப்பிடுகிறவர்கள் கோட்டுக்குக் கீழே விழுவார்கள் என்று என் கையாலேயே அறிக்கை எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அதே வாரம் அக்காவைப் போனில் திட்டியும் இருக்கிறேன். ஆபீஸில் தெரிந்த விஷயம் வீட்டுப் போனை எடுக்கும்போது எங்கே போயிற்று என்று எனக்கு இன்னும் புரியவில்லை. காகிதத்தில் விலகி நின்ற புள்ளிக்காக நான் நாள்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அக்கா சொன்னதற்கு ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

6

உடனே ஆட்டோ பிடித்து அவளையும் அழைத்துக்கொண்டு அந்த லேபுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை எந்த ஊர் என்று கேட்டாள். கரமனை என்றேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறினாள். என் மலையாளம் அப்படி ஆகிவிட்டிருக்கிறது. படிவத்தில் என் போன் நம்பரை எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, இலக்கம் அதிகம். கடைசியில் அக்காவின் நம்பரைப் போட்டார்கள். ரிசல்ட் அவளுடைய போனுக்குத்தான் வரும், வேறு யாருக்கும் கொடுக்க வழியில்லை என்றார்கள்.

லேபைப் பார்த்துக்கொள்ளும் சுஜாதா என்ற பெண், இளம் வயது, உள்ளே உட்கார வைத்தாள். மாத்திரை அட்டையைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. அலமாரியிலிருந்து சோதனை மருந்தோடு வரும் தாளை எடுத்து விரித்து, ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"மேடம், இதில் டி2 கிட்டில்லல்லோ."

இந்தச் சோதனையில் டி2 அகப்படாது. அவர்கள் ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் எழுதவில்லை, டி3 என்றுதான் எழுதியிருந்தார்கள். டாக்டருக்கு அவசரம், எனக்குக் கர்வம். உடம்பில் டி மிஞ்சினால் கால்சியம் ஏறும், முதலில் அதைப் பார்க்கலாம், அது இங்கேயே ஆகும் என்றாள் சுஜாதா. வைட்டமினை மற்ற முறையில் அளக்க ரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம் ஆகும். அக்கா கையை நீட்டினாள். நரம்பு கிடைக்க நேரமாயிற்று. அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் கால்சியம் வந்துவிட்டது. மிக அதிகம். தாகம், ருசியின்மை, வயிற்றுக்கட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். சிறுநீரகக் கணக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். மாத்திரை நிறுத்தம், பால் தயிர் நிறுத்தம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் இப்படியே போயிருந்தால் கிட்னியைக் காப்பாற்றுவது கஷ்டமாகியிருக்கும், இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். அவர் தன் பங்கையும் ஒப்புக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வருத்தப்பட்டாள். தயிர் இல்லாமல் சாதத்தை எப்படி முடிப்பது என்று. ரசத்தோடு முடிக்கிற சாப்பாடு பாதியில் எழுந்த மாதிரி இருக்கிறதாம். நான் மாத்திரை பற்றிப் பேச வாயெடுத்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டாள்.

7

ஐந்து நாளில் வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாள் கழித்து, நான் முற்றத்தில் அவள் புடவையை உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் போனில் மணி அடித்தது. வெளியூர் ரிசல்ட். விதி எப்படி இருந்தாலும் லேபின் விதி நல்லது செய்தது, முதலில் பார்த்தது அவள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். டி3 ஆறு. டி2 நூற்று நாற்பத்திரண்டு.

"கூட்டினா நூத்தி நாப்பத்தெட்டு" என்றாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அப்போ நான் சாப்ட்டிருக்கேன், இல்லையா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். ஒன்பது மாதத்தில் நானும் டாக்டரும் கேட்ட கேள்வியில், தான் மாத்திரையைச் சரியாகத்தான் சாப்பிட்டோமா, இல்லை குறி போட்டுவிட்டு மறந்துபோனோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. டப்பாவில் அட்டையைச் சேர்த்தது எனக்காக மட்டும் இல்லை, தனக்காகவும்தான் என்றாள். ராத்திரி எடுத்து எண்ணிப் பார்ப்பாளாம். தெரு முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், தன் புத்தி தவறிவிட்டது என்று பயந்துகொண்டு தனியாக அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வாள்?

ஈரப் புடவையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துக்கொள் என்றேன். அவள், புடவை நனைகிறது, எழுந்திரு என்றாள்.

நான் கிளம்புகிறதற்கு முந்தின நாள் கால்சியம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. கிட்னிக் கணக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. டி2 கரைய மாதங்கள் ஆகும், தினமும் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

8

அபர்டீனில் என் வேலை மாறவில்லை. காலையில் இருட்டில் போகிறேன், மாலையில் இருட்டில் வருகிறேன். நடுவில் யாரோ ஒருவருடைய வெயிலை அளக்கிறேன். எங்கள் ரிப்போர்ட்டில் டி2, டி3 இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று குழுக்கள் பார்க்க வேண்டுமாம். முதல் குழு படிவம் தப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அனுவிடம் சாப்பாட்டுப் போட்டோ வேண்டாம் என்று சொன்னேன். உடம்பு சரியில்லையா அம்மா என்று கேட்டாள், தமிழில். பிறகு அரைமணி நேரம் பேசினாள்.

நேற்று ஞாயிறு. அக்காவைக் கூப்பிட்டேன். போன வாரம் பார்த்ததில் கிட்னி சரியாகிவிட்டது, தயிருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்றாள். குரலில் பழைய டீச்சர் வந்துவிட்டாள். பழவங்காடிக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தாளாம். தண்ணீர் குடிக்கிறாயா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பன்னெண்டு டம்ளர், ஒரு நாள் விடலை" என்றாள். வீடியோவில் அவள் எழுந்து போவது தெரிந்தது. காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து போனுக்கு நேரே திருப்பப் போனாள்.

"காட்ட வேண்டாம் அக்கா. நீ சொன்னா மதி."

அவள் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மதியா?" என்றாள்.

"மதி."

திரும்பிப் போய் அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அபர்டீனில் இன்றைக்காவது வெயில் வந்ததா என்று கேட்டாள். வந்தது, பதினைந்து நிமிஷம் என்றேன். அவள் நம்பினாள்.